துளி தூளாகும் கணக்கு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜவ்வரிசி வடாம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கெனவே தெரியும். சித்திரை வெயிலில் காலையில் ஊற்றிய வடாம் மதியத்துக்குள் மேலே காய்ந்துவிடும். தொட்டால் மொறமொறவென்றிருக்கும். நம்பி எடுத்து டப்பாவில் போட்டால் கொஞ்ச நாளில் பூசணம் பூத்துவிடும். மேல்புறம் வேகமாகக் காய்ந்து இறுகி, உள்ளே இருந்த ஈரத்துக்குக் கதவைச் சாத்திவிட்டது. அதனால்தான் திருப்பிப் போட்டு இரண்டாம் நாளும் காயவைக்கிறார்கள்.

பால் பவுடர், இன்ஸ்டன்ட் காபி, சலவைத் தூள், மூச்சில் இழுக்கும் சில மருந்துகள் எல்லாவற்றிலும் இதே சமாச்சாரம் சில விநாடிகளுக்குள் நடந்து முடிகிறது. கரைசலை நுண்ணிய துளிகளாகச் சிதறடித்துச் சூடான காற்றில் விட்டால், கீழே விழுவதற்குள் தூளாகிவிடும். இந்த இயந்திரத்துக்கு ஸ்பிரே டிரையர் என்று பெயர். தமிழில் தெளிப்பு உலர்த்தி என்கிறார்கள். துளிகளாக்கி உலர்த்தும் முறைக்கு சாமுவேல் பெர்சி என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1872-இல். உள்ளே ஒரு துளிக்கு என்ன ஆகிறது என்பதைக் கணக்கில் பிடிக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

ஆய்வகத்திலோ ஆலையிலோ புதிதாகச் சேர்ந்து, 'இதை மாடல் பண்ணிக் கொண்டு வா' என்று சொல்லப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெப்பப் பரிமாற்றம், பொருள் பரிமாற்றம் பற்றிய கல்லூரிப் பாடம் கொஞ்சம் நினைவிருந்தால் போதும். ஒரு எக்செல் தாள், பிறகு சிறிது பைத்தான்.

நான் தொடங்கியபோது நேராக முழு உலர்த்தியையும் கணினியில் கட்டினேன். காற்றின் சுழற்சி, ஆயிரக்கணக்கான துளிகள், வண்ண வண்ணப் படங்கள். இரண்டு மாதம் போயிற்று. படங்களைக் காட்டியபோது என் மேலதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "ஒரு துளியோட எடை எவ்வளவுப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒரு துளி, ஒரு தாள்

எனவே அங்கிருந்தே தொடங்குவோம். உதாரணத்துக்கு லாக்டோஸ், அதாவது பாலில் இருக்கும் சர்க்கரை. எடையில் 10% லாக்டோஸ் கரைந்த தண்ணீர், விட்டம் 50 மைக்ரான், காற்று 100 டிகிரி செல்சியஸ், காற்றில் ஈரமே இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

கன அளவு 65 பிகோலிட்டர். கரைசலின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 1,038 கிலோ. ஆகவே துளியின் எடை 68 நானோகிராம்; அதில் லாக்டோஸ் 6.8, தண்ணீர் 61. கைக்கு அடங்காத எண்கள்தான், ஆனால் இவற்றைத் தாளின் மேல் மூலையில் எழுதி ஒட்டிவையுங்கள். பின்னால் உங்கள் நிரல் தப்புச் செய்யும்போது காட்டிக்கொடுப்பவை இவையே. ஒரு லிட்டர் கரைசலில் இப்படிச் சுமார் 1,500 கோடி துளிகள். அவற்றின் மொத்த மேற்பரப்பு 120 சதுர மீட்டர். ஒரு லிட்டருக்குள் மூன்று படுக்கையறை வீட்டின் தரைப்பரப்பு ஒளிந்திருக்கிறது. அவ்வளவு சீக்கிரம் காய்வதற்குக் காரணம் அதுதான்.

கடைசி அளவை முதலில் கண்டுபிடியுங்கள்

எந்தச் சமன்பாட்டையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு இது. தண்ணீர் முழுக்கப் போய், மிச்சமிருக்கும் 6.8 நானோகிராம் லாக்டோஸ் ஓட்டை இல்லாத கெட்டி உருண்டையாக நின்றால் அதன் விட்டம் என்ன? உருவற்ற, அதாவது படிகமாகாத, லாக்டோஸின் அடர்த்தி சுமார் 1,520. கரைசலில் திடப்பொருளின் பங்கை அடர்த்திகளின் விகிதத்தால் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் 0.41 வருகிறது. 50 மைக்ரான் துளி 20.4 மைக்ரான் துகளாகும்.

இந்த ஒற்றை எண்ணின் மதிப்பு புதியவர்களுக்கு உடனே புரியாது. நுண்ணோக்கியில் பார்க்கும்போது துகள் 30 மைக்ரான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அது கெட்டி உருண்டை இல்லை. உள்ளே வெற்றிடம் இருக்கிறது, துகளின் அடர்த்தி 480-க்கு அருகில்தான் இருக்கும். துளி 30 மைக்ரானாகச் சுருங்கியபோதே ஓடு கட்டிவிட்டது என்பதும் தெரிகிறது. (பிறகு ஊதிப் பெருத்திருக்கலாம், அதற்குப் பின்னால் வருகிறேன்.) கனமூலம் மட்டும் போட்டு இவ்வளவு சொல்லிவிடலாம். அதே காரணத்தால், கரைசலின் செறிவை இரட்டிப்பாக்கினாலும் துகளின் விட்டம் கால் பங்குதான் கூடும். பெரிய துகள் வேண்டுமென்று கேட்பவர்களிடம் பெரிய துளி போடச் சொல்வது அதனால்தான்.

துளி எவ்வளவு சூடாகும்?

100 டிகிரி காற்றில் விட்ட துளி 100 டிகிரிக்குப் போகாது. ஈரத்துணி சுற்றிய மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல, ஆவியாவதற்கான வெப்பத்தைத் துளி தன்னிடமிருந்தே கொடுக்கிறது. காற்று கொடுக்கும் வெப்பமும் ஆவி எடுத்துப்போகும் வெப்பமும் சமமாகும் இடத்தில் நின்றுவிடும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. நம் உலர்ந்த 100 டிகிரி காற்றுக்கு அது சுமார் 31 டிகிரி. உள்ளே நுழையும் காற்று 180 டிகிரியாகவும், கிலோவுக்கு 10 கிராம் ஈரத்தோடும் இருந்தாலும் துளி 46 டிகிரியைத் தாண்டாது. சூட்டில் கெட்டுப்போகும் பாலையும் புரதத்தையும் இந்த இயந்திரத்தில் உலர்த்த முடிவது இதனால். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரைதான் இந்தப் பாதுகாப்பு என்பதை மறக்க வேண்டாம்.

இந்த வெப்பநிலையைக் கண்டுபிடிக்க எக்செலில் ஒரு வெப்பநிலையை ஊகித்து இரண்டு பக்கமும் சமமாகிறதா என்று பார்த்தாலே போதும். நம் துளி அந்த நிலைக்கு வர எடுப்பது பத்து மில்லி விநாடி அளவுதான். மொத்தக் காய்தலோடு ஒப்பிட்டால் சொற்பம். தொடக்கத்தில் விட்டுவிடுங்கள்.

விட்டத்தின் வர்க்கம்

வெறும் தண்ணீர்த் துளி ஆவியாகும்போது அதன் விட்டத்தின் வர்க்கம் காலத்தோடு நேர்கோட்டில் குறைகிறது. நிலையான காற்றில் சிறிய உருண்டையிலிருந்து ஆவி விரவிச் செல்வதை மாக்ஸ்வெல் 1877-இல் எழுதினார். 1918-இல் லாங்மியூர், அயோடின் உருண்டைகளின் அளவீட்டை வைத்து அதையே மறுபடி எடுத்துப் பேசினார். இன்றும் இதுதான் அஸ்திவாரம்.

தற்போதைய வர்க்கம் = தொடக்க வர்க்கம் − (ஆவியாதல் மாறிலி × நேரம்)

மாறிலியைக் கணக்கிட ஐந்து எண்கள் வேண்டும். காற்றின் வெப்பக் கடத்து திறனை அதன் வெப்ப ஏற்புத் திறனால் வகுத்து, நீரின் அடர்த்தியாலும் வகுத்து, எட்டால் பெருக்குங்கள். பிறகு ஒரு மடக்கைக் காரணி: காற்றுக்கும் துளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை வெப்ப ஏற்புத் திறனால் பெருக்கி, ஆவியாதலின் உள்ளுறை வெப்பத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி இயல் மடக்கை எடுக்க வேண்டும். காற்றின் பண்புகளைத் துளிக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் எடுங்கள். துளியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் என்பது வழக்கம், இங்கே அது 54 டிகிரி. கடத்து திறன் 0.028, ஏற்புத் திறன் 1,007, வேறுபாடு 69 டிகிரி, உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 2,428 கிலோஜூல் என்று போட்டால் விநாடிக்குச் சுமார் 6,300 சதுர மைக்ரான் வரும்.

ஆக, 50 மைக்ரான் நீர்த்துளி முழுக்க மறைய 0.4 விநாடி. 100 மைக்ரானுக்கு 1.6 விநாடி. 10 மைக்ரானுக்கு 16 மில்லி விநாடி. ஒரே தெளிப்பில் இந்த மூன்று அளவும் கலந்து வருவதுதான் நிஜம். உலர்த்தியின் உயரத்தைத் தீர்மானிப்பது அவற்றில் பெரிய துளி. சுவரில் ஈரமாகப் போய் அப்பிக்கொள்வதும் அதுவே.

ஒரு எச்சரிக்கை. எட்டு என்பது விட்டத்துக்கான காரணி, ஆரத்துக்கு இரண்டு. ஒரு இடத்தில் விட்டமும் இன்னொரு இடத்தில் ஆரமும் கலந்துவிட்டால் விடை நாலு மடங்கு தப்பாகும். பார்க்க நியாயமான எண்ணாகவே தெரியும், அதுதான் ஆபத்து. எனக்கு இது இரண்டு முறை நடந்திருக்கிறது.

காற்றுக்கும் துளிக்கும் இடையே உள்ள வேகத்தையும் சேர்க்க வேண்டுமென்றால் ரான்ஸ், மார்ஷல் இருவரும் 1952-இல் கொடுத்த தொடர்பு இருக்கிறது. 50 மைக்ரான் துளி காற்றில் தானாக விழும் வேகத்தில் அது பத்து சதவீதம்தான் கூட்டும். தெளிப்பு முனையை விட்டு வெளியே வந்த கணத்தில் வேகம் மிக அதிகம், ஆனால் அது சட்டென்று அடங்கிவிடும். முதல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

30 டிகிரியில், 80% ஈரப்பதத்தில் இதே சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் வேகம் இருபது மடங்குக்கும் மேல் குறைகிறது. ஐப்பசியில் யாரும் வடாம் போடாததற்குச் சூத்திரம் தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

ஓடு கட்டுமா, கட்டாதா?

இதுவரை பேசியது தண்ணீரைப் பற்றி. இப்போது கரைபொருள். மேற்பரப்பு உள்வாங்கிக்கொண்டே வரும்போது அது கரைபொருளை முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது, வாசல் பெருக்கும் விளக்குமாறு குப்பையைத் தள்ளுவதுபோல. கரைபொருள் விரவி மையத்தை நோக்கிப் பரவ முயல்கிறது. இரண்டில் எது வேகம் என்பதைச் சொல்வது பெக்லே எண். ஆவியாதல் மாறிலியை, கரைபொருளின் விரவல் எண்ணின் (அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்ற அளவின்) எட்டு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும்.

லாக்டோஸ் போன்ற சிறு மூலக்கூறுக்கு நீரில் விரவல் எண் விநாடிக்குச் சுமார் 520 சதுர மைக்ரான். பெக்லே எண் 1.5. சீரம் ஆல்புமின் என்ற புரதத்துக்கு விரவல் எண் 60-க்கு அருகில், பெக்லே 13. பாலின் கேசின் என்ற புரதத்தின் திரள்களை 150 நானோமீட்டர் உருண்டைகளாக எடுத்துக்கொண்டால் விரவல் எண் மூன்று சொச்சம்தான். பெக்லே 200-ஐத் தாண்டும்.

பெக்லே 20-க்குக் கீழே இருந்தால் மேற்பரப்புச் செறிவு சராசரியைப்போல் எத்தனை மடங்கு என்பதற்கு எளிய தோராயம் உண்டு: ஒன்று, கூட்டல் பெக்லேயில் ஐந்தில் ஒரு பங்கு, கூட்டல் அதன் வர்க்கத்தில் நூறில் ஒரு பங்கு, கழித்தல் அதன் கனத்தில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. லாக்டோஸுக்கு 1.3 மடங்கு, அதாவது ஏறக்குறைய ஒரே சீர். ஆல்புமினுக்கு ஐந்து மடங்குக்கு அருகில். துளி பாதிகூடச் சுருங்குமுன் தோல் போர்த்திவிடும். பெக்லே ஒன்றை ஒட்டியிருந்தால் கெட்டியான உருண்டை, பெரிதாக இருந்தால் உள்ளீடற்றதோ சுருங்கிக் கசங்கியதோ என்று முதல் ஊகமாகச் சொல்லலாம்.

கவனித்தீர்களா, பெக்லே எண்ணில் துளியின் விட்டமே இல்லை. பெரிய துளியில் கரைபொருள் கடக்க வேண்டிய தூரம் அதிகம், ஆனால் அதற்குக் கிடைக்கும் நேரமும் அதே விகிதத்தில் அதிகம். இதை மனத்தில் வையுங்கள், சோதனை பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

பெக்லே எண்ணைத் தெய்வவாக்காகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. புரதங்கள் மேற்பரப்பில் ஒட்டும் குணமுள்ளவை. ஆவியாதல் தொடங்குமுன்பே அங்கே போய் உட்கார்ந்துவிடும். லாக்டோஸ் கரைசலில் துளியூண்டு புரதம் சேர்த்தாலே துகளின் வெளித்தோல் புரதமாகிவிடுகிறது. பால் பவுடரின் மேற்பரப்பில் கொழுப்பு அதன் பங்குக்கு மிஞ்சி இருப்பதும் விரவலால் மட்டும் விளங்கிக்கொள்ளக்கூடியது இல்லை.

உள்ளே ஒரு வெங்காயம்

இனிப் பைத்தான் தேவை. துளியை வெங்காயம்போல அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் எவ்வளவு நீர், எவ்வளவு திடப்பொருள் என்று காலப்போக்கில் கணக்கு வைக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் வெங்காயம் சுருங்கிக்கொண்டே போகிறது.

பெரும்பாலான பாடநூல்கள் ஆரத்தை ஒன்று என்று அளவுமாற்றம் செய்து சமன்பாட்டை மாற்றி எழுதச் சொல்லும். சரியான வழிதான். ஆனால் முதல் முறை எழுதுபவர்கள் அதில் வரும் கூடுதல் உறுப்பின் குறியைத் தப்பாகப் போட்டு, திடப்பொருளை மெல்ல மெல்லத் தொலைத்துவிடுவார்கள். நான் சொல்லும் வழி வேறு. அடுக்குகளைத் திடப்பொருளைக்கொண்டு பிரியுங்கள். 6.8 நானோகிராம் லாக்டோஸை நூறு சமபங்காக்கி, அடுக்குக்கு ஒரு பங்கு என்று கொடுத்துவிடுங்கள். திடப்பொருள் அதன் அடுக்கை விட்டு நகராது; நீர் மட்டும் அடுக்குக்கு அடுக்கு தாவிக் கடைசியில் வெளியேறும். ஒவ்வொரு அடுக்கின் கன அளவும் அதிலுள்ள திடம், நீர் இரண்டின் கூட்டல். மையத்திலிருந்து கூட்டிக்கொண்டே போனால் ஆரங்கள் தாமாக வந்துவிடும். திடப்பொருளின் கணக்கு தப்பவே வழியில்லை. விரவலைத் திடப்பொருளைச் சார்ந்த ஓட்டமாக எழுத வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். நின்ற சட்டகத்துக்கான விரவல் எண்ணை அப்படியே தூக்கிப் போடக் கூடாது.

இதில் ஒரு இனாமும் உண்டு. சம பங்காகப் பிரித்தால் நடு அடுக்கு 5 மைக்ரானுக்கு மேல் தடிமனாகவும், வெளி அடுக்கு 0.08 மைக்ரான் அளவுக்கு மெலிதாகவும் அமையும். மாற்றமெல்லாம் வெளியே நடப்பதால் நமக்கு வேண்டியதும் அதுதான். அதற்கான விலை, நேரப்படி மிகச் சிறியதாக வேண்டும் என்பது. சாதாரண முன்னோக்கு முறையில் ஒரு படி சில மைக்ரோ விநாடியைத் தாண்டினால் எண்கள் வெடித்துவிடும். சைபை (SciPy) என்ற பைத்தான் நூலகத்தில் உள்ள பிடிஎஃப் (BDF) அல்லது ராடாவ் (Radau) தீர்ப்பானைப் பயன்படுத்துங்கள்.

வெளி எல்லையில் நீர்ச் செயல்பாடு வேண்டும். கரைபொருள் சேரச் சேர நீராவி அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்ற எண். லாக்டோஸ் மூலக்கூறு கனமானது என்பதால் இது வெகுநேரம் குறையவே குறையாது. லட்சிய நிலைக் கணக்கில் 10% கரைசலுக்கு 0.99, 50%-க்கு 0.95, 80%-க்கும் 0.83. மேற்பரப்பு நன்றாகக் கெட்டியாகும்வரை வர்க்க விதியே ஏறக்குறைய பொருந்தும் என்று அர்த்தம். முடிவைத் தீர்மானிப்பது நீரின் விரவல் எண். ஈரம் குறையக் குறைய அது பத்து மடங்கு, நூறு மடங்கு, பத்தாயிரம் மடங்கு என்று சரியும். அதை மாறிலியாக வைத்தால் உங்கள் துளி சந்தேகத்துக்கிடமான அழகோடு காய்ந்து முடியும்.

இந்தச் சரிவில்தான் இன்ஸ்டன்ட் காபியின் மணம் பிழைக்கிறது. மேற்பரப்பு ஓரளவு காய்ந்தவுடன் நீரின் விரவல் குறைகிறது, ஆனால் பருத்த மண மூலக்கூறுகளின் விரவல் அதைவிடப் பன்மடங்கு குறைகிறது. நீர் வெளியேறும், மணம் மாட்டிக்கொள்ளும். நெதர்லாந்தில் தைசனும் அவர் குழுவும் 1960-களில் இதை விளக்கினார்கள். ஃபில்டர் காபிக்காரர்கள் மாட்டிய மணம் போதாது என்பார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

ஓடு கட்டும் கணத்தை யார் சொல்வது?

புதியவர்கள் மாடல் தானாகச் சொல்லும் என்று காத்திருக்கும் இடம் இது. சொல்லாது. விரவல் சமன்பாட்டுக்கு ஓடு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது செறிவு மட்டும். எந்தச் செறிவில் மேற்பரப்பு திடமாகிறது என்பது நீங்கள் வெளியிலிருந்து கொடுக்கும் தீர்மானம். ஓட்டின் தடிமன், உள்வெற்றிடம், இறுதி அளவு எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. இரண்டு குழுக்களின் மாடல்கள் ஒத்துப்போகவில்லை என்றால் நான் முதலில் தேடுவது இந்த ஒற்றை வரியைத்தான்.

வழக்கமான தேர்வு கரைதிறன்: மேற்பரப்பு தெவிட்டுநிலையை எட்டியதும் ஓடு. லாக்டோஸுக்கு 31 டிகிரியில் 100 கிராம் நீருக்குச் சுமார் 25 கிராம். நம் துளி சராசரியாக அந்த நிலையைத் தொடுவது விட்டம் 39 மைக்ரானாகும்போது, 0.15 விநாடியில். மேற்பரப்பில் 1.3 மடங்கு செறிவு என்பதைச் சேர்த்தால் 43 மைக்ரானில், 0.1 விநாடியிலேயே. அப்படி ஓடு கட்டினால் 43 மைக்ரான் பலூன்கள் கிடைக்க வேண்டும்.

கிடைப்பதில்லை. லாக்டோஸ் படிகமாக நேரம் வேண்டும். ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு அதற்குப் போதவே போதாது. அது தெவிட்டுநிலையைத் தாண்டி, பாகு பதம் ஏறுவதுபோலக் கெட்டியாகிக்கொண்டே போய், படிகமாகாமல் கண்ணாடியாக உறைகிறது. தெளித்து உலர்த்திய லாக்டோஸ் உருவற்ற நிலையில் இருப்பது இதனால்தான். எனவே கரைதிறன் இங்கே தப்பான அளவுகோல். பாகுத்தன்மையோ, கண்ணாடி மாறு வெப்பநிலை (அதற்குக் கீழே கண்ணாடியாக விறைக்கும், மேலே இளகும்) துளியின் வெப்பநிலையைத் தொடும் செறிவோ சரியான அளவுகோல். சமையல் உப்பு வேறு சாதி: அது படிகமாகும், ஆனால் அதுவும் தெவிட்டுநிலையில் உடனே ஆகாது. 75% ஈரப்பதத்தில் கரையும் உப்புத் துளி, திரும்பக் காயும்போது 45% அளவுக்கு இறங்கினால்தான் படிகமாகிறது. பால்போல நுண்துகள்கள் கரையாமல் மிதக்கும் திரவத்தில் கேசின் திரள்கள் ஒன்றையொன்று முட்டி நெருக்கியடிக்கும் செறிவுதான் ஓடு. ஆக மூன்று பொருளுக்கு மூன்று அளவுகோல். எதைத் தேர்ந்தீர்கள், ஏன் என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதுங்கள்.

ஓடு கட்டிய பிறகு கணக்கு மாறுகிறது. வெளி ஆரம் நின்றுவிடும். ஈரமான கரு மட்டும் உள்ளே சுருங்கும். ஆவி ஓட்டின் துளைகள் வழியாகவும், பிறகு வெளியே காற்றுப்படலம் வழியாகவும் போக வேண்டும். இரண்டு தடைகளை வரிசையாகக் கூட்டினால் போதும். ஆவியாதல் குறைவதால் துளி சூடேறத் தொடங்கும். அதற்குமேல் என்ன ஆகும் என்பது ஓட்டின் குணத்தைப் பொறுத்தது. விறைப்பான, துளையுள்ள ஓடு அப்படியே நின்று உள்ளே வெற்றிடம் விடும். நெகிழ்வான தோல் உள்வாங்கிக் கசங்கும், காய்ந்த திராட்சைபோல. காற்று 100 டிகிரிக்கு மேல் இருந்து, தோல் ஆவி புகாததாகவும் இருந்தால் உள்ளே நீர் கொதித்துத் துகள் பூரிபோல ஊதும், சில சமயம் வெடிக்கும். சார்ல்ஸ்வொர்த், மார்ஷல் இருவரும் 1960-இல் ஒற்றைத் துளிகளைத் தொங்கவிட்டுக் காயவைத்து இந்த விதங்களை வகைப்படுத்தினார்கள். எந்த விதம் வரும் என்று சமன்பாட்டால் மட்டும் சொல்ல முயலாதீர்கள். நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற கிளையை மாடலில் எழுதுவது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

குறுக்குவழிகள்

உள்ளே என்ன நடக்கிறது என்ற அக்கறை இல்லை, ஈரம் எப்போது எவ்வளவு குறையும் என்பது மட்டும் வேண்டுமென்றால் வெங்காயம் தேவையில்லை. வான் மீல் 1958-இல் கொடுத்த பண்புக் காய்வு வளைவு இருக்கிறது: தற்போதைய காய்வு வேகத்தை, தடையில்லாத வேகத்தின் ஒரு பின்னமாக, ஈரத்தைக்கொண்டே எழுதிவிடும் முறை. இன்னொன்று, சியாவோ டோங் சென் முன்வைத்த வினைப் பொறியியல் அணுகுமுறை. இது ஈரத்தைப் பிரித்தெடுப்பதை ஒரு வேதிவினைபோலப் பாவித்து, அதற்கு ஒரு கிளர்வு ஆற்றலைச் சோதனையிலிருந்து எடுக்கிறது. பால் பொருள்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. ஒரு துளிக்கு ஒரே ஒரு சமன்பாடு என்பதால் லட்சம் துளிகளை உலர்த்திக்குள் ஓடவிடும்போது இரண்டில் ஒன்றைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள்.

சரிபார்ப்பது

50 மைக்ரான் துளியை அரை விநாடிக்குள் பிடித்து எடை போட முடியாது. அதனால் சோதனைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளியை மெல்லிய கண்ணாடி இழையின் நுனியில் தொங்கவிடுகிறார்கள், அல்லது ஒலி அலைகளால் அந்தரத்தில் நிறுத்துகிறார்கள். உங்கள் ஆய்வகத்தில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி இழையாகத்தான் இருக்கும்.

2 மில்லிமீட்டர் துளி 50 மைக்ரானைவிட நாற்பது மடங்கு பெரியது. காய 1,600 மடங்கு நேரம் எடுக்கும். மூன்றில் ஒரு விநாடி வேலை ஒன்பது நிமிடம் ஆகும். பெக்லே எண்ணில் விட்டம் இல்லாததால் செறிவின் பரவல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பது நல்ல செய்தி. ஆனால் படிகமாதலுக்குக் கடிகாரம் வேறு. ஒன்பது நிமிடம் கிடைத்த லாக்டோஸ் படிகமாகலாம். அரை விநாடிகூடக் கிடைக்காதது கண்ணாடியாகும். பெரிய துளியில் வெள்ளையாகப் படிகம் பூத்ததைப் பார்த்துவிட்டு, சிறிய துளிக்கும் கரைதிறனையே அளவுகோலாக வைத்த அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன். அப்படி ஒன்றை எழுதியும் இருக்கிறேன். இழை வழியாக வரும் வெப்பமும் துளிக்குள் சுழலும் திரவ ஓட்டமும் பெரிய துளியில் கணக்கைக் கலைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வெறும் தண்ணீரைத் தொங்கவிட்டு வர்க்கம் நேர்கோட்டில் குறைகிறதா என்று பாருங்கள். தண்ணீருக்கே பொருந்தாவிட்டால் தப்பு காற்றின் வேகத்திலோ வெப்பநிலை அளவீட்டிலோ இருக்கிறது, லாக்டோஸின் தலையில் கட்டாதீர்கள். அடுத்து கரைசல், முதல் பாதி மட்டும். ஓடு கட்டிய பிறகான பாதியைக் கடைசியில் பொருத்துங்கள், அதுவும் ஒரே ஒரு மாறிலியை மட்டும் நகர்த்தி. நாலு மாறிலியை நகர்த்தினால் எந்த வளைவும் பொருந்தும்.

முழு உலர்த்திக்குள் போகும்போது

இப்போது, இதற்குமுன் இல்லை. துளிகள் ஆவியாக ஆவியாகக் காற்று குளிர்ந்து ஈரமாகும். அந்தக் காற்றில்தான் மிச்சத் துளிகள் காய வேண்டும். 180 டிகிரியில் நுழைந்து 80 டிகிரியில் வெளியேறும் காற்று, ஒரு கிலோ நீரைத் தூக்க ஏறக்குறைய 25 கிலோ தேவைப்படும். அதாவது வெளியேறும் ஒவ்வொரு கிலோ காற்றிலும் 40 கிராம் ஈரம் ஏறியிருக்கும். நாம் தொடக்கத்தில் எடுத்த உலர்ந்த காற்று எங்கும் இருக்காது. எந்த மென்பொருளைத் திறப்பதற்கு முன்பும் இந்தக் கூட்டல் கழித்தலை ஒரு தாளில் போட்டு, மென்பொருளின் வெளியேறு வெப்பநிலை அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வெளியேறும் துகளின் ஈரத்தை மாடல் சொல்லிவிட்டால், அதைக் கண்ணாடி மாறு வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள். முற்றிலும் உலர்ந்த லாக்டோஸுக்கு அது சுமார் 101 டிகிரி. 2% ஈரம் இருந்தால் 70-ஐ ஒட்டி இறங்கும்; 5% இருந்தால் 40-க்கு வந்துவிடும். துகளின் வெப்பநிலை இந்த எண்ணை இருபது டிகிரிக்கு மேல் தாண்டினால் துகள் பசைபோலாகிச் சுவரில் அப்பும். 80 டிகிரியில் 2% ஈரத்தோடு ஒழுங்காக விழும் தூள், அதே 80 டிகிரியில் 5% ஈரத்தோடு கூம்பின் அடியில் மிட்டாயாகக் கிடக்கும். அங்கே போய்ச் சுத்தியலால் தட்டும் ஆபரேட்டரிடம் எந்த மாதத்தில் அதிகம் தட்ட வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். மழைக்காலம் என்றால், நுழையும் காற்றின் ஈரத்தை உங்கள் மாடலில் பூஜ்யம் என்று விட்டுவைத்திருக்கிறீர்களா என்று போய்ப் பாருங்கள்.